ஆளுக்கொரு நயினாதீவு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்றவள். எனக்கு நேரம் நிறைய உண்டு, உங்களுக்கு இல்லை. ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனைத் தரவு உருவாக்கும்போது தாராள மனது கூடாது. கேட்டதை மட்டும் கொடுக்கவேண்டும். கேட்காததையும் சேர்த்துக் கொடுக்கிற நல்ல மனதால் ஒரு மனிதருடைய பிழைப்பு போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரித்துக்கொண்டே கேட்கலாம், ஏனென்றால் கடைசியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதை மறைக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

கொழும்பில் பல வருடம் மென்பொருள் சோதனை செய்துவிட்டு, கடைசிச் சில வருடங்களை ஊரிலேயே வேலை செய்து முடிக்கலாம் என்று சரவணைக்குத் திரும்பி வந்தேன். வேலணையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்னக் கொம்பனி ஒன்று. இரண்டு அறை, நாலைந்து பேர். பெரும்பாலும் வெளிநாட்டுக்காரருக்கு இணையத்தளம் செய்து கொடுப்போம். அங்கே நிரல் எழுதுகிறவன் நிரோஷன், வேலணைப் பெடியன். கெட்டிக்காரன், அவசரக்காரன். திரைகளையும் பக்கங்களையும் செய்கிறவள் டிலானி, நயினாதீவுப் பெட்டை. தினமும் படகும் பஸ்ஸும் மாறி வேலைக்கு வந்துபோவாள். நான் எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடிக்கிறவள். சம்பளம் வாங்கிக்கொண்டு பிழை பிடிக்கும் வேலை எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது, நான் அதை நன்றாக அனுபவித்தேன்.

ஒரு நாள் அருள் அண்ணை படியேறி வந்தார். எழுவைதீவுக்காரர், சொந்தமாகப் பயணிகள் படகு வைத்திருப்பவர். நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவானிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்குவார். என்னை அவர் அக்கா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் விசாரித்ததில்லை. குரல் மட்டும் அவருக்கு மிகப் பெரியது. கடலில் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகியவர். எங்கள் சின்ன அறையிலும் அதே அளவில்தான் கதைத்தார்.

“அக்கா, முந்தின திருவிழாவுக்கு என்ரை படகிலை ஆள் கூடிப்போச்சு. சனம் ஏறினா நான் என்ன, ஒவ்வொருத்தராப் பிடிச்சு இறக்கிறதோ? இறங்குதுறை உத்தியோகத்தர் எண்ணிப் பாத்திட்டு எழுதிப்போட்டாங்கள். இன்னொருக்கா கூடினா படகு ஓட அனுமதி, பேமிற், இல்லையாம். பேமிற் போனா நான் படகைக் கரையிலை கட்டிப்போட்டு அதைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.”

அவருக்கு வேண்டியது எளிய விஷயம். படகுக்காரர் ஐந்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பயணிகள் போனிலேயே இடம் புக்கிங் செய்யவேண்டும். ஒரு படகுக்கு அனுமதித்த ஆள்தொகை நிறைந்ததும் இனி இடமில்லை என்று அதுவே சொல்லிவிடவேண்டும். மனிதன் சொன்னால் சனம் கேட்காது, சண்டைக்கு வரும், தெரிந்தவர் அறிந்தவர் என்று தலையைச் சொறியும். போன் சொன்னால் கேட்கும் என்பது அவருடைய நம்பிக்கை. மற்றப் படகுக்காரர்கள் அரை மனதோடு இருந்தார்கள். “முதலிலை என்ரை படகிலை பூட்டிப் பாப்பம், சரிவந்தா நீங்கள் வாங்கோ” என்று அருள் அண்ணைதான் முன்னுக்கு வந்திருந்தார்.

நிரோஷன் சந்தோஷமாக எழுதினான். ஊருக்குப் பயன்படுகிற வேலை எங்களுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும், அதனால் எல்லோருக்குமே ஒரு உசார் இருந்தது. திருவிழாவில் தேருக்கான புக்கிங்கை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் திறப்பதாக அருள் அண்ணை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் சோதனைகள் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. பிழை என்று காட்டுகிற சிவப்பு ஒன்றுகூட இல்லை.

நான் பச்சையைக் கண்டால் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. சிவப்பு வந்தால் அது எங்கே என்று தெரியும், போய்ப் பார்க்கலாம். எல்லாமே பச்சை என்றால் எங்கே போய்ப் பார்ப்பது? அதற்காக எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதையும் வெளியே அனுப்புமுன், சோதனைக்குள் இருக்கிற மனிதர்களை எனக்கு அறிமுகம் செய்துவைக்கச் சொல்வேன். நிரோஷனுக்கு அது என்னுடைய விசர்களில் ஒன்று.

“நிரோஷன், ஆறு இடம் உள்ள படகு நிறைஞ்சாப்பிறகு ஏழாவது ஆளை ஏத்தாமல் விடுற டெஸ்ட் ஒண்டு எழுதினனீர் அல்லோ? அந்தப் படகிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஒருக்கா காட்டும்.”

“அக்கா, ஆறு பேர் இருக்கினம். ஏழாவது ஆளுக்கு இடமில்லை எண்டு சொல்லுது. பச்சை. இதிலை என்ன பாக்கிறது?”

“பேர் பாப்பம்.”

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். சோதனைக்காக ஒவ்வொரு முறையும் பயணி, படகு, வீடு என்று கையால் செய்துகொண்டிருக்க முடியாது. அதற்காக மாதிரிப் பதிவுகளைச் செய்து தருகிற சின்ன நிரல் ஒன்று வைத்திருப்போம். நாங்கள் அதற்குத் தொழிற்சாலை என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு பயணியைத் தா என்றால் தரும். ஆனால் பயணி சும்மா இருக்க முடியாது, ஏதோ ஒரு புக்கிங்கில் இருக்கவேண்டும். ஆகவே தொழிற்சாலை தானாகவே ஒரு புக்கிங்கும் செய்யும். புக்கிங் யாருடையது? ஒரு வீட்டுக்காரருடையது. ஆகவே ஒரு வீடும் செய்யும். வீடு எங்கே? ஒரு தீவில். ஆகவே தீவும் வரும். நீங்கள் ஒரு ஆளைத்தான் கேட்டீர்கள், அது அவருக்குப் புக்கிங்கும் வீடும் தீவும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டது. அருமையான உபசாரம். இரண்டாவது ஆளைக் கேட்டால் அவருக்கும் புதிதாக இன்னொரு புக்கிங், இன்னொரு வீடு, இன்னொரு தீவு.

டிலானி தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது.

“இதென்ன அக்கா, நயினாதீவு, நயினாதீவு, நயினாதீவு எண்டு ஆறு நயினாதீவு கிடக்கு! ஒண்டுக்குப் போய்வாறதுக்கே நான் படுற பாடு.”

நிரோஷனும் சிரித்தான். “அது டெஸ்டுக்குள்ளை தானே. முடிஞ்சவுடனை அழிஞ்சுபோம். படகு ஒண்டுதான், பயணம் ஒண்டுதான். அதை நான் வடிவாக் குடுத்திருக்கிறன்.”

அது உண்மை. படகையும் பயணத்தையும் அவன் ஒன்றாகத்தான் வைத்திருந்தான். ஆறு பேரும் ஏறியது ஒரே படகில். அதில் பிழை இல்லை. நானும் கூடச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பேன். ஆனால் அந்த ஆறு பேரையும் பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ அந்தரமாக இருந்தது. பிறகு கேட்டேன்.

“இந்த ஆறு பேரிலை ஆர் ஆரோடை வந்தவை?”

“அப்பிடியெண்டா?”

“ஆர் புருசன், ஆர் பெண்சாதி, ஆர் பிள்ளை?”

நிரோஷன் திரையைப் பார்த்தான். ஆறு வீடு, ஆறு புக்கிங். “ஒருத்தரும் ஒருத்தரோடையும் வரேல்லை அக்கா. எல்லாரும் தனித்தனியத்தான் வந்திருக்கினம்.”

“தேருக்கோ?”

எங்கள் அறையில் இருந்த யாரும் பிறந்ததிலிருந்து அம்மனின் தேருக்குத் தனியே போனதில்லை. அப்பா, அம்மா, சித்தி, சித்தியின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் சிநேகிதர், கனடாவில் இருந்து வந்து நிற்கிற ஒரு மாமா, எல்லோரும் ஒன்றாகத்தான் புறப்படுவோம். வீட்டில் போன் தட்டத் தெரிந்த ஒருவர் எல்லோருக்குமாக இடம் பிடிப்பார். அது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதனால்தான் அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவே இல்லை. நாங்கள் செய்த சோதனை உலகத்தில், ஒருவரை ஒருவர் தெரியாத ஆறு பேர், ஆளுக்கொரு நயினாதீவிலிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே படகில் இருந்தார்கள்.

“டிலானி, திரையிலை போய் அருள் அண்ணையின்ரை படகிலை உம்முடைய வீட்டாக்கள் எல்லாருக்கும் ஒரே புக்கிங்கா ஒண்டு போடும்” என்றேன்.

அவள் போட்டாள். அப்பா, அம்மா, இரண்டு தம்பிமார், பெரியம்மா, பெரியம்மாவின் மகள், தான். ஏழு பேர். போட்டுவிட்டு, படகில் இன்னும் எத்தனை இடம் இருக்கிறது என்று பார்த்தாள். ஒரே ஒரு இடம் குறைந்திருந்தது.

இடம் எண்ணுகிற அந்த நிரல், ஆட்களை எண்ணவில்லை. புக்கிங்கை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு வீடு, ஒரு இருக்கை. சோதனைக்குள் ஒவ்வொரு ஆளும் தனக்கென்று ஒரு புக்கிங்கோடு வந்ததால், புக்கிங்கை எண்ணினாலும் ஆளை எண்ணினாலும் விடை ஒன்றாகவே வந்தது. அதனால்தான் பச்சை. மறுநாள் காலையில் திறந்திருந்தால், தேரன்று அருள் அண்ணையின் படகில் அனுமதித்த அளவுக்குப் பயணிகளுக்குப் பதிலாக அந்த அளவுக்குக் குடும்பங்கள் வந்து நின்றிருக்கும். எல்லோர் கையிலும் இடம் உண்டு என்று சொல்கிற போன் இருந்திருக்கும். அதுவும் கடல் கொந்தளிக்கிற சோளகக் காற்று அடிக்கிற காலம்.

நிரோஷனின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் கைகள் ஓடத் தொடங்கிவிட்டன. “ஒரு வரி அக்கா. ஒரே ஒரு வரி. புக்கிங் எண்டதை எடுத்துப்போட்டுப் பயணி எண்டு போட்டாச் சரி. பத்து நிமிசம். நாளைக்குக் காலமை திறக்கலாம்.”

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்கவேண்டும். அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பிழை ஒரு வரிதான். திருத்தினால் எல்லாம் திரும்பவும் பச்சையாக நிற்கும். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அருள் அண்ணை நிம்மதியாகப் படுப்பார். அவசர நேரத்தில் ஒரு வரித் திருத்தத்தைப் போல ஆசை காட்டுகிற பொருள் உலகத்தில் வேறில்லை.

“வரியை மாத்தும்” என்றேன். “ஆனால் நாளைக்குத் திறக்க ஏலாது.”

“ஏன்?”

“இந்தப் பிழையை நாங்கள் டெஸ்டாலை பிடிக்கேல்லை. டிலானியின்ரை பெரியம்மாவாலை பிடிச்சம். உம்முடைய டெஸ்டுக்குள்ளை குடும்பம் எண்டு ஒண்டு இல்லவே இல்லை. குடும்பம் வந்தால் வேறை என்னென்ன உடையும் எண்டு எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் அந்த மனிசனைக் கடலிலை விடுறதோ?”

அவனுக்குக் கோபம். எனக்குத் தெரியும், ஏனென்றால் மேசையைத் துடைக்கத் தொடங்கினான். கோபம் வந்தால் மேசை துடைக்கிற பெடியன் அவன். நான் போனை எடுத்து அருள் அண்ணையை அழைத்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். தொழில்நுட்பக் காரணம், சேர்வர் பிரச்சினை என்று மழுப்பவில்லை. உங்கள் படகில் ஏழு பேர் ஏறினால் ஒரு ஆள் என்று எண்ணுகிறது, இன்று பிடித்துவிட்டோம், ஒரு நாள் தாருங்கள் என்றேன்.

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது. “என்ன விசர்க்கதை அக்கா! ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். மற்றப் படகுக்காரர் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள், இவன்ரை கதை என்னமாதிரி முடியப்போகுதெண்டு. நாளைக்குக் காலமை சனம் போனைத் தட்டிப்போட்டு என்னைத்தான் தேடி வரும்.”

“ஓம் அண்ணை. திட்டுவினம். ஆனால் திட்டாலை உங்கடை பேமிற் போகாது.”

அவர் முதல் தடவையாகக் குரலைத் தணித்தார். பிறகு சொன்னார், “சரி. ஒரு நாள். ஆனா நாளைக்கு நீங்கள்தான் ஜெற்றியிலை நிண்டு சனத்துக்குச் சொல்லவேணும். நான் நிக்கமாட்டன்.”

“நிக்கிறன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் குடையோடு நின்றேன். வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் நாளைக்குத் திறப்போம் என்று சொன்னேன். ஒருவர் எனக்குக் கொம்பியூட்டர் தெரியுமா என்று கேட்டார். இன்னொரு அம்மா, “இதுக்குத்தான் உங்களைப் படிப்பிச்சவையோ” என்றார். எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. உண்மையைச் சொல்லி வாங்குகிற ஏச்சு உடம்பில் தங்காது. இதை அனுபவித்தால்தான் விளங்கும்.

இதற்கிடையில் நிரோஷன் சும்மா இருக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. தொழிற்சாலையைத் திருத்திவிட்டானாம். இனிமேல் அது எதையும் இரண்டு முறை செய்யாது. வீடோ தீவோ படகோ கேட்டால், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கும், இல்லாவிட்டால்தான் புதிதாகச் செய்யும். நயினாதீவு இப்போது ஒன்றே ஒன்று. காட்டினான். அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு சோதனை சிவப்பு. இரண்டு படகுகள், பாதி பாதி நிறைந்தவை. இரண்டிலும் இன்னும் இடம் இருக்கவேண்டும். நிரலோ, அருள் அண்ணையின் படகு நிறைந்துவிட்டது, ஏற்ற ஏலாது என்று அடம்பிடித்தது. நிரோஷன் இடம் எண்ணுகிற பகுதியைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தது.

டிலானிதான் கேட்டாள். “அந்த ரெண்டு படகுக்கும் என்ன பேர் வைச்சனீர்?”

“உண்மையான பேர்தான். அருள் அண்ணையின்ரை அந்தோனியார். மற்றது ஊர்காவற்றுறைக்காரரின்ரை...” என்று தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டான்.

“அதுவும் அந்தோனியார்” என்றாள் டிலானி.

எங்கள் கரையோரம் படகுக்குப் பெயர் வைப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கருடைய படகு என்றால் அந்தோனியார், இல்லாவிட்டால் மாதா. சைவக்காரருடையது என்றால் அம்மன், இல்லாவிட்டால் முருகன். நேர்த்தி வைத்துத்தான் படகு வாங்குகிறார்கள், நேர்த்தி வைத்த இடத்தின் பெயரைத்தானே வைப்பார்கள்? எழுவைதீவு அந்தோனியாரும் ஊர்காவற்றுறை அந்தோனியாரும் தொழிற்சாலைக்கு ஒன்றாகிவிட்டார்கள். இரண்டு படகின் ஆட்களையும் அது ஒரே படகில் ஏற்றி வைத்துவிட்டு, நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அருள் அண்ணைக்கு இதைப் பிறகு சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “எனக்கும் அவனுக்கும் பத்து வருசமாக் கதை பேச்சு இல்லை. உங்கடை மெசின் எங்களை ஒண்டாக்கிப்போட்டுது!”

ஆகவே பிள்ளைகளே, முதல் நாள் தொழிற்சாலைக்குக் கை தாராளம், ஒன்றைக் கேட்டால் ஆறு தந்தது. இரண்டாம் நாள் கை இறுகி, இரண்டு கேட்ட இடத்தில் ஒன்றைத் தந்தது. இரண்டுக்கும் அடியில் கிடந்த பிழை ஒன்றுதான். யார் யாரோடு சேர்ந்தவர் என்கிற முடிவை நாங்கள் எடுக்காமல் தொழிற்சாலையிடம் விட்டுவிட்டோம். அதற்கு என்ன தெரியும்? ஒரே பெயர் என்பதால் ஒரே பொருள் ஆகிவிடாது. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கப்பட்டதால் ஒவ்வொன்றும் வேறு பொருளும் ஆகிவிடாது. ஒரு பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊகிக்கக்கூடாது, சொல்லவேண்டும்.

அன்று பின்னேரம் முழுவதும் மூவரும் சேர்ந்து அதைத்தான் செய்தோம். பயணிக்கு இனிமேல் தானாகப் புக்கிங் வராது. எந்தப் புக்கிங் என்று சோதனை எழுதுகிறவர் கையில் எடுத்துக் கொடுக்கவேண்டும். கொடுக்க மறந்தால் தொழிற்சாலை வேலை செய்ய மறுத்துக் கத்தும். முதலில் வீட்டை ஒரு தடவை செய்வோம். பிறகு அதே வீட்டுக்கு ஒரு புக்கிங் செய்து, அந்த ஒரே புக்கிங்கை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கொடுப்போம். படகைப் பெயரால் தேடவே மாட்டோம், பதிவு இலக்கத்தால்தான் தேடுவோம். சோதனை முடிகிற இடத்தில் தீவு ஒன்றுதானா, வீடு ஒன்றுதானா என்று ஒரு கேள்வியும் வைத்தோம். எழுத்து கொஞ்சம் கூடிவிட்டது. நிரோஷன், இதென்ன ஒவ்வொரு டெஸ்டிலும் கலியாண அழைப்பு எழுதுகிற மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தான். ஓம், அப்படித்தான் என்றேன். யார் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியாமல் பந்தி வைக்க முடியாது.

குடும்பங்கள் சோதனைக்குள் வந்ததும் இன்னொரு இடம் சிவந்தது. ஒரு வீட்டிலிருந்து நாலு பேருக்கு இடம் பிடித்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல், அவனை மட்டும் நீக்கவேண்டும். நீக்கினால் நிரல் புக்கிங்கையே அழித்துவிட்டது. அப்பா, அம்மா, அக்கா எல்லோருடைய இடமும் போயிற்று. முன்பு ஆளுக்கொரு புக்கிங்கோடு வந்த காலத்தில் அதுவும் பச்சையாகத்தான் இருந்தது. நிரோஷன் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். மேசையைத் துடைக்கவில்லை.

“அந்த ஒரு வரியோடை அனுப்பியிருந்தால்...” என்றான்.

“அனுப்பேல்லைத்தானே. சாப்பாட்டைப் பிரியும்” என்றேன். அவனை அந்த நேரத்தில் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. தன் பிழையை முழுதாகப் பார்க்கக்கூடிய ஆளோடு வேலை செய்வது பெரிய சுகம்.

சனிக்கிழமை காலையில் திறந்தோம். அருள் அண்ணையின் படகு விறுவிறு என்று நிறைந்து, நிறைந்த இடத்தில் நின்றது.

தேரன்று நானும் போனேன். என் தங்கச்சி குடும்பம், அவளுடைய மாமியார், மருமக்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் என்று பெரிய பட்டாளம். இறங்குதுறையில் ஒரே சனம், காற்று, சேலைத் தலைப்பு எல்லாம் பறந்துகொண்டிருந்தது. படகுகளுக்குப் பக்கத்தில் ஆட்களை எண்ணுகிற உத்தியோகத்தர் ஒருவர் வெயிலில் நின்றார். தங்கச்சி எல்லா வேலையையும் போலவே இதையும் கடைசி நேரத்துக்கு விட்டிருந்தாள். அங்கே நின்றபடியே போனைத் தட்டினாள். அருள் அண்ணையின் படகில் யாரோ கடைசியில் நீக்கிவிட்ட ஐந்து இடம்தான் உண்டு என்றது. எங்கள் தொகைக்கு அது காணாது. ஏலாது என்று மறுத்துவிட்டது.

அவள் விடுகிற ஆளா? நேராகப் படகடிக்குப் போனாள்.

“அண்ணை, எல்லாம் சின்னப் பிள்ளையள். மடியிலை வைச்சிருப்பம்.”

“மடியிலை இருக்கிறதும் ஆள்தான் தங்கச்சி.”

“இது என்ரை அக்கா செய்த மெசின் அல்லோ. அக்கா, சொல்லன் ஒருக்கா!”

அருள் அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் அந்த உத்தியோகத்தர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் கடலைப் பார்த்தேன்.

ஒரு கணவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் போனில் இடம் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப்போய் அந்த ஐந்து இடத்திலும் இருந்தார்கள். உத்தியோகத்தர் எண்ணி முடித்தார், தலையை ஆட்டினார், அடுத்த படகுக்குப் போனார். அவ்வளவுதான். அருள் அண்ணை கயிற்றை அவிழ்த்தார். படகு இறங்குதுறையை விட்டு விலகியபோது என் கண் நிறைந்துவிட்டது. வேலை செய்த இத்தனை வருடத்தில், ஏலாது என்று சொல்லக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தங்கச்சிக்கு அந்தச் சந்தோஷம் விளங்கவில்லை. மாமியாரை வெயிலில் நிற்கவைத்த கோபம் அவளுக்கு.

“அஞ்சு இடம் கிடக்கு, பிள்ளையளை மடியிலை வைக்கலாம், அதுக்குள்ளை ஏலாதெண்டு சொல்லுது! உந்த விசர் வேலையைச் செய்தது ஆர்?”

“எங்கடை நிரோஷன்” என்றேன்.

“அவன்ரை நம்பரைத் தா.”

கொடுத்தேன். அடுத்த படகு வந்து, எல்லோரும் ஒன்றாக ஏறி, அக்கரை சேரும்வரைக்கும் அவள் அவனைத் திட்டினாள். அவன் இன்றைக்கும் அந்தத் திட்டை ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறான்.